எதிரில் ஒருத்தி

ஆடி மாத மழை பிடித்துக்கொண்டால் ஊட்டியில் எங்கள் வீட்டில், அப்பா பேச்சில் 'ஊட்டுல', எதுவும் காயாது. பள்ளிச் சீருடை, அப்பாவின் குரங்குத் தொப்பி, என்னுடைய குத்துச்சண்டைக் கையுறைகள் எல்லாம் சமையலறைக் கொடியில்தான் தொங்கும். ஈரத் தோலும் பழைய வியர்வையும் கலந்த கையுறையின் வாடை, கொதிக்கும் ரசத்தின் மணத்தையும் அமுக்கிவிடும். "இந்தக் கருமத்தைக் கொண்டுபோய் வெளியில போடு" என்று அம்மா நாள்தோறும் சொல்வாள். அடுப்பைப் பற்றவைத்ததும் அவற்றை அனல் படும் பக்கமாக நகர்த்தி வைப்பதும் அவள்தான்.

அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து மார்க்கெட்டில் இரும்புச் சாமான் கடை வைத்தவர். பழைய பூப்பந்துக் கூடம் ஒன்றில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குத்துச்சண்டை பழக்கினார். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்போம். ஏழாம் வகுப்பில் நான் அங்கே சேர்ந்தேன். சேர்ந்த வருடமே 'ஜில்லா சாம்பியன்' ஆனேன். அடுத்த வருடமும் நானே. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் எடைப் பிரிவில் மாவட்டத்திலேயே வேறு பெண் கிடையாது. வெறும் மேடையில் ஏறி நிற்பேன், எதிர் மூலையைப் பார்த்து நடுவர் ஒரு மரியாதைக்குக் காத்திருப்பார், பிறகு என் கையைப் பிடித்து உயர்த்துவார். அதற்குப் பெயர் 'வாக்கோவர்'. சாம்பியனுக்கு வருடத்துக்கு ஒரு சண்டை, அதுவும் ஆளில்லாத சண்டை. பயிற்சியிலாவது அடி படுமா என்றால், கூடத்துப் பையன்கள் மாஸ்டருக்குப் பயந்து என்னைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு விலகிப்போவார்கள்.

ஆனாலும் மெடல் மெடல்தானே. அப்பா அதை மாட்டிக்கொண்டு நான் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் ஆணி டப்பாக்களுக்கு மேலே தொங்கவிட்டார். மார்க்கெட் முழுக்க என் பெயர் மறந்து 'சாம்பியன்' ஆகிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் சமவெளியில் நடந்த மாநிலப் போட்டிக்குப் போனேன். முதல் சுற்று முடிவதற்குள் நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். வலித்ததைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் கை நீட்டினால் எதிரிலிருந்தும் ஒரு கை வரும் என்பது என் உடம்புக்குத் தெரியவே தெரியாது. திரும்பி வந்தபின் கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். போனாலும் அந்தப் படம் இருக்கும் சுவர்ப்பக்கம் தலை திரும்பாது.

அடுத்த வருடப் போட்டிக்கு முந்தைய வாரம் மாஸ்டர் சொன்னார்: "ஒன் வெயிட்டுல பந்தலூர்ல இருந்து ஒரு புள்ளை பேர் குடுத்திருக்கு. செல்வராணின்னு பேரு. நல்லா அடிக்குதாம்." அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போட்டியன்று காலை கூடத்துத் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. எடை பார்க்கும் நேரம் வந்தது, போனது, செல்வராணி வரவில்லை. நடுவட்டத்துக்குக் கீழே மண் சரிந்து, கூடலூர்ப் பாதையில் பஸ் எதுவும் ஏறவில்லை என்று யாரோ சொன்னார்கள். போட்டி நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு, "மேடைக்கு வாம்மா, கையைத் தூக்கிக் காட்டிட்டு முடிச்சுக்கலாம்" என்றார்.

நான் நகரவில்லை. "அந்தப் புள்ளை வரட்டுங்க" என்றேன்.

அது பெருந்தன்மை இல்லை. இன்னொரு முறை யாரோடும் சண்டை போடாமல் சமவெளிக்குப் போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். போட்டி நடத்தியவர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு அந்த மெடல் வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "அம்மணி, சட்டப்படி உனக்குத்தான வருது, எதுக்கு வீம்பு?" என்றார். "எனக்கு ஒரு சண்டை வேணும்ப்பா" என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்பாவே போட்டி நடத்தியவரிடம் போய், "ஏனுங்க, புள்ளை ஆசைப்படுது. மத்த சண்டையெல்லாம் முடியட்டும், அதுவரைக்கும் பார்த்துக்கலாமுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள், தாயும் மகளும். மண் சரிந்த இடத்தை நடந்து கடந்து, வழி அடைபட்டு ஊட்டிக்கே திரும்பிய ஒரு கேரட் லாரியில் ஏறி வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. அந்த அம்மாவுடையது இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து பந்தலூரில் குடியேறிய குடும்பம். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்; வீடு, எஸ்டேட்டின் 'லயம்' என்ற வரிசைக் குடியிருப்பில். உள்ளே வந்ததும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டு, "லீவு சொல்லிட்டு விடியக்காலையே லயத்தை விட்டுக் கெளம்பினமுங்க. பாதை இல்லாம போச்சு" என்றார். என் அம்மா எழுந்து போய்த் தன் சால்வையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள். "மொதல்ல உக்காருங்க. இப்பிடி நனைஞ்சு போயிட்டீங்களே." எங்கள் சண்டை முடியும்வரை அந்த இரண்டு அம்மாக்களும் ஒரே பெஞ்சில், மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மாஸ்டர் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவ்வளவு தூரம் அலைந்து வந்தவள் களைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். மணி அடித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. இடது கை வருவது தெரியும், அதற்குப் பின்னால் வலது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. முதல் சுற்று முழுக்க வாங்கினேன். இரண்டாவதில் ஒரு கணம், அவள் தோள் அசைவதை முன்பே பார்த்துக் குனிந்தேன். குனிந்தபடியே விலாவில் ஒன்று கொடுத்தேன். அவள் கண்கள் விரிந்தன. நானும்தான் திகைத்துப் போனேன். மூன்று சுற்றும் நின்றேன். நடுவர் அவள் கையைத்தான் உயர்த்தினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஊட்டியிலேயே தோற்றுப்போய், உதடு வீங்கி, நான் ஏன் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. துணி மாற்றும் அறையில் செல்வராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க பக்கம் எனக்கு ஆளே இல்ல. ஒனக்கும் இல்லைன்றாங்க. மாசத்துல ஒருக்கா எங்கயாச்சும் அடிச்சுக்குவமா?"

கூட்டாளி ஆகலாமா என்று யாரும் என்னிடம் இவ்வளவு அழகாகக் கேட்டதில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது நடுவட்டம். அங்கே அவள் மாமா ஒருவர் சமுதாயக் கூடத்துச் சாவியை வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்காரா தாண்டி நான் ஒரு பஸ்ஸில் போவேன், மேடேறி அவள் ஒரு பஸ்ஸில் வருவாள். அடித்து முடித்துவிட்டு ரோட்டோரக் கடையில் டீயும் 'வர்க்கி' பிஸ்கட்டும் சாப்பிடுவோம். என்னை எங்கே ஏமாற்றினாள் என்பதை அவளே சொல்லிக் காட்டுவாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். கடையில் யாராவது, "ஏனுங்க, புள்ளை தோத்துட்டாளாமா?" என்று கேட்டால், அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாங்க. நல்ல ஆளுகிட்டத்தான் தோத்தா" என்பார். படத்தை மட்டும் கழற்றவே இல்லை.

அடுத்த வருடம் நான் வளர்ந்து மேல் எடைப் பிரிவுக்குப் போனேன். மாநிலப் போட்டிக்கு இருவரும் சேர்ந்தே இறங்கினோம். முதல் சண்டையில் நான் ஜெயித்தேன், ஆள் இருந்த சண்டையில். இரண்டாவதில் தோற்றேன். செல்வராணி அரையிறுதிவரை போனாள். எனக்கு அதுவே உச்சம். அதற்கு மேல் நான் போகவில்லை, போகவில்லையே என்ற குறையும் இல்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவள் காவல்துறையில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தரம் மேடையேறி, தோதான ஆளாகத் தேர்ந்து அடித்துவிட்டுப் பட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும் பெரிய பெரிய சாம்பியன்களைப் பற்றி அலுவலக நண்பர்கள் மதியச் சாப்பாட்டின்போது சண்டை பிடிப்பார்கள். எனக்கு அந்தச் சாம்பியன்கள் மேல் கோபம் வருவதில்லை. பாவம், அவர்களுக்குச் செல்வராணி கிடைக்கவில்லை என்றுதான் தோன்றும்.

போன மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைக்குப் போயிருந்தோம். மாஸ்டர் இப்போது உயிரோடு இல்லை. பூப்பந்துக் கூடத்தின் இடத்தில் தங்கும் விடுதி வந்துவிட்டது. நடுவட்டத்துச் சமுதாயக் கூடத்தையும் இடித்து, சுற்றுலா வண்டிகள் நிறுத்தச் சரளை கொட்டியிருந்தார்கள். இங்கேதான் என்று பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டிருந்தபோது, செல்வராணி சட்டென்று கைகளை முகத்துக்கு உயர்த்தி இடது காலை முன்னால் வைத்தாள். யோசிப்பதற்குள் என் கைகளும் உயர்ந்துவிட்டன. ஒன்றிரண்டு அடி சுற்றியிருப்போம். வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிறவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா, என்னங்க பிரச்சனை? எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாமுங்க."

செல்வராணி கையை இறக்கவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். "பழக்கம்."