பேட்டரி மாற்றிய மறுநாள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகட்டும். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். அந்த நாட்களில் அவனிடம் அது இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன் அவன். தெருவில் எல்லோருக்கும் ‘ஸ்க்ரூ’. சட்டைப்பையில் எப்போதும் நாலு ஸ்க்ரூ கிடக்கும், அதனால் வந்த பெயர். “இன்னிக்கு எத்தனை கழண்டுச்சு?” என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தினமும் அவனைச் சீண்டுவார். ஸ்க்ரூவின் மனைவி போன பிறகு அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. ஸ்க்ரூ அழவில்லை. கல்நெஞ்சன் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கல்லெல்லாம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அவனுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

வீட்டில் அவனால் தூங்க முடியவில்லை. கடையிலேயே மேஜைக்கு அடியில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டான். இரவில் காம்ப்ளெக்ஸ் வாட்ச்மேன் எல்லா ஷட்டருக்கும் வெளியிலிருந்து பூட்டுப் போட்டுவிடுவார். காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார். உள்ளே ஆள் இருந்தாலும் அப்படித்தான், கட்டட முதலாளியின் உத்தரவு. ஸ்க்ரூ அதற்கு முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

வீட்டில் ஒன்பது வயது மகள் இருந்தாள். மனைவியின் தங்கை வந்து தங்கி அவளைப் பார்த்துக்கொண்டாள். தங்கை ஒரு நர்ஸ், காலை ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதன் பிறகு ஸ்கூல் வேன் வரும்வரை பாப்பா தனியாகத்தான் இருக்க வேண்டும். பயந்தாளா, சாப்பிட்டாளா என்று ஸ்க்ரூ கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். குழாய், ஃபேன், தாழ்ப்பாள் என்று எது பழுதோ அதைச் சரிசெய்வான், போய்விடுவான். மகளை நேராகப் பார்க்கவே மாட்டான். அவளுக்கு அப்படியே அம்மாவின் முகம். அம்மா போய்விட்டாள், சரி. அப்பாவாவது இருக்கிறாரா என்பதுதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஞாயிறு பழுதுபார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஹாலில் மனைவியின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்தவள் அவள். அதன் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்து இரண்டு வருஷம். கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டருக்குத் தேதியும் மணியும் மறக்காமல் பார்த்துக்கொள்வது அந்தப் பேட்டரிதான். அது செத்தால், சுவர் சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் மெஷின் தான் பிறந்த வருஷத்துக்கே போய்விடும். ‘நேரத்தை வை’ என்று கறுப்புத் திரையோடு நின்று அடம்பிடிக்கும். மனைவி தினமும் காலையில் உட்கார்ந்து நேரம் வைப்பாள். அதுவும் ஏழு நிமிஷம் முன்னால். “அப்பதான் இந்த வீட்ல எல்லாரும் நேரத்துக்குக் கிளம்புவீங்க” என்பாள். பேட்டரி மாற்றித் தரச்சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்போது அவன் பையில் ஒரு புதுப் பேட்டரி இருந்தது.

மவுஸை அசைத்தான். திரை எழுந்தது. மணி 3:07. தன் போனைப் பார்த்தான். 3:00.

ஏழு நிமிஷம் முன்னால்.

“இதுக்கு யாரு டைம் வெச்சது?” என்று மச்சினியைக் கேட்டான்.

“நான் அந்தப் பக்கமே போறதில்ல மாமா. ராத்திரி சுவத்து சுவிட்சை அணைச்சிடுவேன், அவ்வளவுதான்.”

“பாப்பா?”

“அந்தக் கறுப்புத் திரை வந்தாலே பயந்துபோய் என்னைக் கூப்பிடுவா. இப்ப கொஞ்ச நாளா கூப்பிடறதில்ல.”

பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். மச்சினி சமையலறைக்குள் போனாள். ஸ்க்ரூ சுவிட்சை அணைத்தான், மூடியைக் கழற்றினான். பழைய பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டரில் வைத்தான்.

பூஜ்யம்.

மீட்டரில் கோளாறோ? புதுப் பேட்டரியை வைத்தான். மூன்று வோல்ட். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. பழையதைத் திரும்பப் போட்டுக் கரண்ட் கொடுத்துப் பார்த்தான். கறுப்புத் திரை. மெஷின் பிறந்த வருஷம்.

அப்படியானால் இன்று காலை யாரோ இங்கே உட்கார்ந்து நேரம் வைத்திருக்கிறார்கள். நேற்றும். அதற்கு முந்தின நாளும்...

அப்போதுதான் நாற்காலியைக் கவனித்தான். மனைவி குள்ளம். நாற்காலியை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி உட்காருவாள். இப்போது அது கீழே இறங்கியிருந்தது. உட்கார்ந்து பார்த்தான். அவன் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது.

பயப்பட வேண்டிய இடம் இது என்று புத்திக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

வேறு யாராவது என்றால் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு யோசித்திருப்பார்கள். ரிப்பேர்க்காரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பழுது கண்ணில் பட்டால் கை முந்திக்கொள்ளும், மூளை பிறகு மெதுவாக வந்து சேரும். நகத்தால் நெம்பினான். டிக். பழையது வெளியே. டக். புதியது உள்ளே. போனைப் பார்த்துச் சரியான நேரத்தை வைத்தான். ஏழு நிமிஷத்தை விட்டுவிட்டான். சுவிட்சை அணைத்துப் போட்டான். நேரம் மாறவில்லை.

இனிமேல் யாரும் வந்து நேரம் வைக்க வேண்டியதில்லை என்று நினைத்தான்.

முதுகுக்குப் பின்னால்... ஒரு பெருமூச்சு.

நீளமாக. மிக அருகில்.

திரும்பினான். யாருமில்லை.

மறுநாள் காலை 7:38. கடையில் போன் அடித்தது. வேன் டிரைவர்.

“சார், பாப்பா வெளிய வரல. ஹாரன் அடிச்சுப் பாத்தேன், கதவைத் தட்டிப் பாத்தேன்...”

“உள்ளதானே இருக்கா?”

“ஜன்னல் வழியாத் தெரியுது சார். உக்காந்திருக்கு. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது.”

ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. ஸ்க்ரூ ஷட்டரைத் தட்டினான். பிறகு குத்தினான். இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினான். ஒரு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு வலித்தது. பாப்பா, பாப்பா என்று கத்திக்கொண்டிருந்தது தன் வாய்தான் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்து திறந்தார்.

வீடு.

சாவி.

கதவு திறந்தது.

பாப்பா யூனிஃபார்மில் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் சரியான நேரத்தைக் காட்டியது. அவள் தலைமுடி பின்னாமல் தோளெல்லாம் பரந்து கிடந்தது.

“ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?” என்றாள்.

“யாருக்கும்மா காத்திட்டிருந்தே?”

“உங்களுக்குத்தான்.”

“நான் என்னிக்கும்மா காலையில வந்தேன்?”

“தினமும்தான். சித்தி கிளம்பினதும் வருவீங்க. ஞாயித்துக்கிழமை சித்தி தூங்கறப்போ வருவீங்க. இங்க உக்காந்து டைம் வெப்பீங்க. வேன் வர்ற வரைக்கும் கூடவே இருப்பீங்க.”

ஸ்க்ரூ அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தான்.

“வந்தது... அம்மாவா?”

“அம்மாதான் செத்துட்டாங்களே. நீங்கதான்.”

“நான் பேசுவேனா?”

“பேச மாட்டீங்க. தலை பின்னி விடுவீங்க.”

ஸ்க்ரூவுக்குத் தலை பின்னத் தெரியாது.

மச்சினிக்குப் போன் போட்டான். “பாப்பாவுக்கு தினம் தலை பின்றது நீதானே?”

“இல்ல மாமா. நான்தான் அவ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே போயிடறேனே. சாயங்காலம் வந்து பாத்தா அழகா பின்னியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கான்னு நெனச்சேன்... ஏன் மாமா?”

போனை வைத்தான். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டான். அவர்கள் ஒருநாளும் பின்னவில்லை.

திரும்பி வந்து மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பார்க்க முடிந்தது.

“இனிமே அப்பா கடையில தூங்க மாட்டேன். இங்கதான் இருப்பேன். சரியா?”

பாப்பா தலையாட்டினாள். அவன் தன் கையை அவள் தலையில் வைத்து மெதுவாகக் கோதினான். ஷட்டரில் குத்திய விரல்கள் வீங்கியிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே, எதற்கோ காத்திருப்பது போல இருந்தாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, வலிக்காமல் எடுத்து, அவன் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

“இந்தக் கை இல்லப்பா” என்றாள்.