தெரு என்றொரு கட்டம்

நேற்று மாலை குமரேசன் அண்ணன் என் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். அவர் என் பெரியப்பா மகன். எங்கள் வட்டாரத்து டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்காக நடத்திய கற்பனை லீகை இப்போது செயலியாக்கிவிட்டாராம். “தமிழ மட்டும் கொஞ்சம் பாத்துக் குடும்மா” என்று ஒரு குரல் பதிவும் கூட. திறந்தேன். ஆட்டக்காரர் பெயர், ஊர், அணி, தெரு. தெருவின் அருகில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. உடனே என் நாசியில் பூச்சிமருந்து வாடை ஏறியது.

வாடைக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். கச்சிராயபாளையத்தில் பெரியப்பாவுக்கு உரக்கடை. கல்லூரியின் முதலாண்டு விடுமுறையில், அந்தக் கடை மாடியில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த கணினியில்தான் நான் வேலை செய்தேன். வீட்டுக்குத் திரும்பினால் என் தலைமுடியில் கொசுகூட உட்காராது.

அந்த லீக் மைதானத்தில் இறங்காதவர்களுக்கான ஆட்டம். வட்டாரத்து அணிகள் எல்லாவற்றிலிருந்தும் பிடித்த பதினொருவரைப் பொறுக்கி இணையதளத்தில் சொந்தமாக ஓர் அணி அமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உண்மையில் எடுக்கும் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் நமக்குப் புள்ளிகளாகும். பருவ முடிவில், மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்த பதினொருவர் வட்டார அணியாகத் திருக்கோவிலூர்ப் போட்டிக்குப் போவார்கள். பெயரில்தான் கற்பனை, அந்த அணியில் இடம் கிடைப்பது ஆட்டக்காரர்களுக்கு மெய்யான ஆசை.

இணையதளத்தை மேம்படுத்துவது அண்ணனுக்கும் எனக்கும் பணி. அதன் தமிழை ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது. ஓட்டமின்றி ஆட்டமிழந்தவர்களின் பெயருக்கு எதிரே, ‘டக்’ என்பதை ‘வாத்துகள்’ என்று போட்டிருந்தது. கிரிக்கெட் அறியாத நானும் முதல் நாள் அதை நம்பி, பரிசாக வாத்து கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணினேன். அண்ணன் அந்தக் கதையைச் சொந்தக்காரர் அனைவருக்கும் சொல்லிவிட்டார்.

பெயர்களின் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: மணிகண்டன் என்பவர் ஒரே ஞாயிறன்று இரண்டு மைதானங்களில் ஆடியிருந்தார். இருவர் ஆட்டமும் ஒருவர் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒருவர் எங்கள் ஊர் மட்டையாளர். எங்கள் தெருவில்தான் வீடு. மற்றவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து இடக்கைப் பந்துவீச்சாளர். உரமூட்டை ஏற்ற டிராக்டரோடு எங்கள் கடைக்கு வருபவர். சுமையாட்கள் வந்தால் பெரியப்பா எல்லாருக்கும் டீ சொல்வார். இவருக்கு மட்டும் காகிதக் கோப்பையில்.

ஒருநாள் மூட்டை ஏற்றி முடித்து அவரே மாடிப்படியில் வந்து நின்றார்.

“ண்ணா, நான் எட்த்த விக்கெட்டெல்லாம் யாரு பேர்ல ஏறிக்கினு இருக்குது?”

“ரெண்டு பேரும் மணிகண்டன்தானடா. யாரு பேர்ல ஏறுனா இன்னா?” என்றார் அண்ணன்.

“அப்ப உங்க மூட்டைய எதிர்க்கடைல எறக்கிட்டுப் போவட்டுங்களா? ரெண்டும் உரக்கடதான?”

நான் கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அன்றே புள்ளிகளைப் பிரித்து, அவர் பெயருக்கு முன்னால் ‘இடக்கை’ என்று சேர்த்தேன். குழப்பம் அதோடு தீர்ந்தது.

பிறகு வந்த சில வாரங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. புள்ளிப்பட்டியலின் உச்சிக்கு இடக்கை மணிகண்டன் ஏறினார். தொப்பி அணிந்த சிறு படம், பெயர், அணி. அதற்குமேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சியிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் முன்பின் பார்த்திராதவர்கள் தங்கள் கற்பனை அணிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். பெரியப்பாவும் ஆக்கினார். ஞாயிறு மாலைகளில் கல்லாவில் உட்கார்ந்து கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு சொல்வார்:

“இந்த எடக்கப் பையன் தங்கம்டா. எந்த வூட்டுப் புள்ளயோ, இன்னாமா போட்றான்.”

அந்தப் பிள்ளை அவர் கண்ணெதிரே அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் எனக்கு ஒரு கள்ள மகிழ்ச்சி இருந்தது.

பிறகு வாட்ஸப் குழுவில் சிலர் விசாரிக்கத் தொடங்கினார்கள். யார் இந்த இடக்கை, யாருடைய ஆள். அண்ணன் திடீரென இணையதளத்தை இன்னும் மேம்படுத்த வேண்டும் என்றார். புது நிறம், புது எழுத்து, புதிதாக ஒரு கட்டம்.

“தெருவப் போட்டுட்டா கொழப்பமே வராது பாரு.”

“அதான் எடக்கன்னு போட்டாச்சேண்ணா. இன்னும் இன்னா கொழப்பம்?”

“உனக்கு வெளையாட்டு தெரியாது. குடுக்கறத அடி.”

அடிக்க மாட்டேன் என்றேன். வாழ்நாளில் அவரிடம் நான் குரல் உயர்த்திய ஒரே தருணம் அது. அவர் சிரித்துக்கொண்டே விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு விரல்களால், எழுத்தெழுத்தாக, ஒவ்வொருவருக்கும் தெரு சேர்த்தார். அவ்வளவு பொறுமையை அவரிடம் நான் கண்டதில்லை. இடக்கை மணிகண்டனுக்கு எதிரே ‘காலனித் தெரு’ என்று வந்தது.

தளம் அழகாகவே இருந்தது. அந்த அழகை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அன்று மாலை பெரியப்பா கைப்பேசியை வெகுநேரம் பார்த்தார்.

“காலனியாடா இது?” என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு விரலால் ஒரு தள்ளு. தலைவர் மாறிவிட்டார். அடுத்து, டீ சொன்னார்.

ஊரெங்கும் விரல்கள் அப்படியே தள்ளியிருக்க வேண்டும். இடக்கை மணிகண்டனின் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் இல்லாமல் போனார்கள். திருக்கோவிலூருக்கு எங்கள் தெரு மணிகண்டன் போனார்.

அடுத்த முறை உரம் ஏற்ற வந்தபோது இடக்கை மணிகண்டன் மாடிக்கு வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தார். அண்ணன் கீழே இருந்தார்.

“பாயிண்டு அப்டியே இருக்குதேக்கா.”

“இருக்குதுங்க.”

“ஷோக்கா கீது. பேரு, தெரு, எல்லாம் கரீட்டா போட்டுக்கிறாங்க.” பிறகு, “என் பேர எட்த்துடுக்கா. பாயிண்டோட சேத்து எட்த்துடு. நான் சொன்னேன்னு அண்ணங்கிட்ட சொல்லு” என்றார்.

எடுத்துவிட்டேன். அவர் கீழே இறங்கிப்போவதை மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன். கோப்பையில் டீ காத்திருந்தது. அவர் அதைத் தொடாமல் டிராக்டரில் ஏறினார். மறுநாளிலிருந்து நானும் அந்த மாடிக்குப் போகவில்லை.

பழைய இணையதளம் இன்று இல்லை. முகவரியைத் தட்டினால் வெள்ளைப் பக்கம் ஒன்று வருகிறது. அதற்காக நான் வருந்தவில்லை. கடை இருக்கிறது, கல்லா இருக்கிறது, காகிதக் கோப்பை இருக்கிறது. தெருவென்னும் கட்டம் இப்போது கட்டாயமாகவே இருக்கிறது. அண்ணனின் குரல் பதிவுக்கு நான் மறுமொழி அனுப்பவில்லை. ஞாயிறு மாலையில் பெரியப்பா கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ‘எந்த வூட்டுப் புள்ளயோ’ என்று வியந்த அந்தக் குரல் மட்டும்தான் இல்லை. புதுச் செயலியில் அவர் அப்படி வியக்க வழியில்லை.