மிலாற்றிலிருந்து ஒரு தாள்

தாள் தட்டுப்பாட்டினால் எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சை தள்ளிப்போயிருந்தது. இறக்குமதியை நம்பி ஒரு நாடு வாழலாமா என்பது அந்த வெள்ளிக்கிழமை விவாத மன்றத்தின் தலைப்பு. கைதட்டல் உயர்ந்த ஒரு கணத்தில் நான் இவ்வாறு முழங்கினேன்: "கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கிளைகளை, மிலாறுகளை, நாம் விறகாக எரிக்கிறோம். அவையும் மரமே. அவற்றிலிருந்து ஒரு தாள் செய்து இதே மேசையில் வைக்க என்னால் இயலும்!"

அந்த வாக்கியம் என் குறிப்பில் இல்லை. ஆனால் சொல்லும்போது அழகாகவே இருந்தது.

எதிரணித் தலைவன் எழுந்தான். "அப்படின்னா செஞ்சு வையி. அடுத்த வெள்ளிக்கெழம. பேனாவால எழுதுறாப்ல இருக்கணும். ரொட்டி மாதிரி கொண்டாந்தா செல்லாது."

"வைத்துவிட்டால்?"

"நீதான் வலயப் போட்டிக்கு நம்ம பள்ளியோட தலைமைப் பேச்சாளர். வைக்காட்டி நான்."

மன்றப் பொறுப்பாசிரியர் யாழ்ப்பாணத்தவர். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "ரெண்டு பேரும் ஓமெண்டால் எனக்குப் பிரச்சினையில்லை" என்றார். நான் தலையசைத்தேன்.

மரம் எப்படித் தாளாகிறது என்பதை நான் பாடநூலில் படித்திருந்தேன். மரத்தைச் சீவி, காரத்தில் வேகவைத்து, நார்களைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்க வேண்டும். பிரிந்த நாரை நீரில் மிதக்கவிட்டு, வலையால் அள்ளி, பிழிந்து, உலர்த்த வேண்டும். மேடையில் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். எங்கள் அணியின் இரண்டாம் பேச்சாளரான என் தோழியும் நானும் மிலாற்றின் பட்டையை உரித்து, தண்டை மெல்லியதாகச் சீவுவதற்குள்ளாகவே கைகள் கொப்புளித்துவிட்டன. அடுப்புச் சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரைப் பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊற்றி, சீவல்களை எங்கள் லயத்து வீட்டின் பின்புறம் வேகவைத்தோம்.

கொழுந்துக் கூடையை இறக்கிய அம்மா தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "வெறகவே வெறகால அவிக்கிற கூத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"தாள் செய்யிறோம்மா."

"கடையில இல்லாதது ஒந் தகரத்துல இருக்காக்கும்?"

சீவல்கள் இளகவேயில்லை. சாம்பல்நீரை மாற்றி மாற்றி மறுநாளும் வேகவைத்த பின்புதான் விரலால் நசுக்கினால் நார் பிரிந்தது. அதை உரலில் இடித்து, லயத்துப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் அலசி, ஜன்னல் வலை அடித்த சட்டத்தால் அள்ளினோம். முதல் தாள் நடுவில் பிளந்தது. அடுத்தது தடித்துக் கட்டியாயிற்று. மூன்றாவதுதான் தாளின் உருவத்தைப் பெற்றது. அதைக் கம்பளித் துண்டுகளுக்கிடையே வைத்துக் கல்லேற்றினோம்.

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். எங்கள் ஊரான கந்தப்பளையில் அந்த வாரம் முழுவதும் மூட்டம். புதன்கிழமையும் தாள் ஈரமாகவே இருந்தது; ஓரத்தில் பூஞ்சைப் புள்ளியொன்றும் தெரிந்தது. தலைமைப் பேச்சாளர் இருக்கையில் எதிரணித் தலைவன் அமர்ந்திருக்கும் காட்சி கண்முன் வந்து நின்றது.

தோழிதான் வழி சொன்னாள். "ஸ்டோருல கொழுந்து வாட்டுற மேமாடி இருக்குல்ல? கீழருந்து காத்து வரும். கொழுந்தே வாடுது, இது காயாதா?"

நாங்கள் தாளைப் பலகையோடு தேயிலைத் தொழிற்சாலைக்குத் தூக்கிச் சென்றோம். படியேறுவதற்குள், அங்கே தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வழிமறித்தார். குனிந்து தாளை முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னாம்மா இது, சாம்ப வாட அடிக்குது? கொழுந்து எந்த வாடையையும் இழுத்துக்கும்னு தெரியாதா? தோட்டத்துப் புள்ளைங்கதானே நீங்க?"

எனக்குத் தெரியும். மேல்மாடிக்குச் செல்பவர்கள் பூ வைத்துக்கொள்வதில்லை, வாசனை எண்ணெய் தடவுவதில்லை என்பது பிறந்தது முதல் அறிந்த விடயம். அவசரம் அதை மறக்கடித்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காயணும் ஐயா" என்று தோழி கெஞ்சினாள்.

அவர் மேல்மாடியைப் பார்த்தார். பிறகு வெளிப்பக்கம் கைகாட்டினார். "அடுப்புக்குப் பின்னால வெறகு அடுக்கியிருக்கிற எடம் சூடாத்தான் இருக்கும். அங்க வையிங்க. உள்ள கொண்டாந்தீங்கன்னா அதையும் சேத்து அடுப்புல போட்டுருவேன்."

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் ஓடினோம். தாள் காய்ந்திருந்தது. மங்கிய மண்ணிறம், தட்டினால் சலசலத்தது. மகிழ்ச்சியில் ஓர் ஓரத்தில் பேனாவை வைத்தேன். மை நார்களின் வழியே ஓடி நீலத் திட்டாகப் பரவியது. எழுத முடியாத தாள்!

தோழி அந்தத் திட்டையே பார்த்தாள். "உறிஞ்சாம இருக்க ஏதாச்சும் பூசணும். பள்ளிச் சட்டைக்குப் போடுற கஞ்சி?"

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். வடிகஞ்சியை வாங்கித் தண்ணீராக்கி, துணியால் இரு பக்கமும் ஒற்றினோம். உலர்ந்த தாள் மீண்டும் ஈரமாயிற்று. தொழிற்சாலை அடுப்பின் பின்புறத்துக்கே திரும்பக் கொண்டுபோனோம். மறுநாள் காலை பலகையிலிருந்து உரித்தபோது ஒரு மூலை ஒட்டிக்கொண்டு கிழிந்தது. மீண்டும் எழுதிப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

மன்றம் கூடியது. தாளை மேசையில் வைத்தேன். எதிரணித் தலைவன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாட்டுத்தோல் மாதிரி இருக்கு."

"எழுதிப் பார்."

அவன் தன் மைப்பேனாவைத் திறந்தான். பேனாவின் முள் ஒரு நாரில் சிக்கி நின்றது. அவன் அதை மெல்ல விடுவித்து, 'தலைமைப் பேச்சாளர்' என்று எழுதினான். சற்று நிறுத்தி, அதன் கீழ் என் பெயரை எழுதினான். கடைசி எழுத்தின் வால் சிறிது கசிந்து, அங்கேயே நின்றது. அவன் குனிந்து மையை ஊதி உலர்த்தினான்.

"எழுதுது" என்றான் ஆசிரியரைப் பார்த்து.