சூரியக் கடிகாரத்துக்கு ஒரு சான்றிதழ்

மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என்னை, கூடப் படித்த நண்பன் போன் செய்து அழைத்தான். வாடிப்பட்டிப் பக்கம் தோப்பும் வயலும் உள்ள குடும்பம். அதில் ஒரு பகுதியை விற்று, அழகர்கோவில் சாலையில் 'பாரம்பரிய விடுதி' கட்டியிருந்தான். கட்டிடத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பாததால் பாரம்பரியத்தை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. மரத் தூண்கள் வந்தன, கதவுகள் வந்தன. கடைசியாக, சிம்மக்கல்லில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து சூரியக் கடிகாரம் வந்தது.

"வெள்ளைக்காரக் கலெக்டர் பங்களாவுல இருந்ததாம் மாப்ள. பழசுதான்னு நாலு வரி எழுதிக் குடு. கண்ணாடி போட்டு மாட்டிருவோம்" என்றான்.

மாசி மாதத்துக் காலையில் போனேன். புல்வெளி நடுவே கல் மேடை. அதன்மேல் பச்சை படிந்த பித்தளை வட்டம், ஓரத்தில் ரோமன் எண்கள், நடுவில் சாய்ந்து நிற்கும் ஒரு தகடு. தகட்டின் நிழல் விழுகிற எண்தான் மணி. நண்பன் செல்போனைப் பக்கத்தில் நீட்டினான். இரண்டிலும் பத்து.

"இம்புட்டு கரெக்டா காட்டுது பாரு!"

"அதுதான்டா இடிக்குது" என்றேன். "செல்போன்ல இருக்குறது இந்தியா முழுசுக்கும் பொதுவான நேரம். நமக்குக் கிழக்க எங்கயோ சூரியன் வாறத வச்சுப் போட்ட கணக்கு. நம்ம ஊருக்கு லேட்டாத்தான் வரும். ஒழுங்கா வச்ச கடிகாரம்னா மாசி மாசத்துல அரை மணி நேரம் பிந்திக் காட்டணும். இத யாரோ செல்போனப் பாத்துத் திருப்பி வச்சிருக்காங்க."

அவன் யோசித்தான். "அப்ப சரியா காட்டுறதுதான் தப்புங்குற?"

"ஆமா."

முகம் வாடிவிட்டது. ஆனாலும் சாப்பிடாமல் விடவில்லை. மட்டன் சுக்காவை ஒரு கை பார்த்துவிட்டு மறுபடி புல்வெளிக்கு வந்தோம். இப்போது நிழலும் செல்போனும் ஒத்துப்போகவில்லை, நன்றாகவே விலகியிருந்தன. நான் வாய் திறப்பதற்குள் அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

"தப்பா காட்டுது மாப்ள! பழசேதான்!"

பாகைமானியை எடுத்துத் தகட்டின் சாய்வை அளந்தேன். மதுரைக்கென்று செய்ததானால் தகடு ஏறக்குறைய படுத்திருக்க வேண்டும். வடக்கே போகப் போகத்தான் அது நிமிரும். இதுவோ நிமிர்ந்து நின்றது.

"இது லண்டன் பக்கத்துக்கு உள்ள சாய்வுடா. அதான் காலையில ஒத்துப்போனது இப்ப விலகுது. அங்க உள்ள ஒண்ணப் பாத்து இங்க காப்பியடிச்சிருக்காங்க."

நான் சொன்னதில் பின்பாதி அவன் காதில் விழவே இல்லை. "லண்டனா!" என்று கூவிச் சமையல்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னான்.

வேறு வழியின்றி, விற்றவருக்கே போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டான்.

"பழசு மாதிரின்னுதானண்ணே சொன்னேன்" என்றார் வியாபாரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "மாதிரிய நீங்க விட்டுட்டீங்க. அந்தப் பச்சை போயிருச்சுன்னா சொல்லுங்கண்ணே, ஆள் அனுப்பி மறுபடி அடிச்சுத் தாரேன்."

நண்பன் போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே பாவமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சென்னைக் குடும்பம் காரில் வந்து இறங்கியது. அப்பா நேராகக் கடிகாரத்திடம் போய், "பிரிட்டிஷ் காலத்து ஒரிஜினல்" என்று பிள்ளைகளுக்கு விளக்க ஆரம்பித்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நண்பனுக்கு உயிர் வந்தது. "வேணும்னா சார்ட்ட கேளுங்க. கணக்கு வாத்தியார். காலையில இருந்து இதத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "லண்டன் அளவுல செஞ்சது" என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. என்னையும் நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் எழுதிக் கொடுக்காமலே வீடு திரும்பினேன். அடுத்த முறை போனபோது கல் மேடையில் ஒரு பலகை பதித்திருந்தது: 'லண்டன் அளவில் செய்யப்பட்டது. கணித ஆசிரியரால் பரிசோதிக்கப்பட்டது.'

இரண்டு முறை படித்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.