ஒரே நெஞ்சுக்கு இரண்டு படம்

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் நடந்தது இது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில், கருங்கல் உடைக்கும் கிரஷர் முதலாளிகளின் சங்கத்துக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே நான் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் என்று பெயர்தானே ஒழிய, கடிதம் அடிப்பது, ஸ்டென்சில் வெட்டுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, தலைவர் வீட்டு டெலிபோன் பில் கட்டுவது எல்லாம் நான்தான். வேலை தற்காலிகம். அடுத்த வருஷம் நிரந்தரம் ஆக்கிவிடுகிறோம் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆரியசாலையில் ஒரு வத்தல் மண்டியில் வேலை பார்த்தவர், கண் பார்வை மங்கி வீட்டோடு இருந்தார். அதனால் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கு சொல்கிறாள் என்று நீங்கள் நினைத்தாலும் தப்பில்லை.

அந்த வருஷம் கிரஷர்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கல்பொடியால் நெஞ்சு கெட்டுப்போகிறது என்று பேச்சு பலமாக எழுந்தது. அரசாங்கத்தின் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி ஒருவர், முதலாளிகளையும் தொழிற்சங்கக்காரர்களையும் எங்கள் ஆபீசிலேயே மூன்று தடவை உட்கார வைத்துப் பேசினார். இப்படிப்பட்ட கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் தீரும்வரை சண்டை, பிஸ்கட் தீர்ந்ததும் சமாதானம், பிறகு அவரவர் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த அதிகாரி எங்கள் டீயைக்கூடத் தொடமாட்டார். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசவும் தெரியாது. ஆனால் மூன்றாவது கூட்டத்தின் முடிவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கல் உடைகிற இடத்தில் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட வேண்டும், ஒவ்வொரு கிரஷருக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே வண்டி வரவேண்டும், செலவை அரசாங்கமும் முதலாளிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், இப்படிச் சில ஷரத்துகள்.

ஐந்தாவது ஷரத்துதான் எல்லாரையும் அதிக நேரம் உட்கார வைத்தது. எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்தால் அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பொடி இல்லாத இடத்தில் அதே கூலிக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். எங்கள் தலைவர் மேஜையைத் தட்டினார், எழுந்து போனார், திரும்பி வந்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். அதை ஸ்டென்சிலில் அடித்து நகல் எடுத்து எல்லாக் கிரஷருக்கும் தபாலில் அனுப்பியவள் நான். அனுப்பும்போது என் மனசில் ஓடியது இதுதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

முதல் எக்ஸ்ரே முகாம் வித்துரா போகிற ரோட்டில், உள்ளே தள்ளி இருந்த ஒரு கிரஷரில் வைத்தார்கள். அங்கே பாதிக்கு மேல் தென்காசிப் பக்கத்து ஆட்கள். அவர்களிடம் தமிழில் பேசிப் பேர் எழுத ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். வேப்பமரமோ புளியமரமோ, இலையில் இருந்த பொடியில் என்ன மரம் என்றே தெரியவில்லை. அதன் அடியில் எனக்கு ஒரு மேஜை. கிரஷரில் இருந்து வந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட வேண்டும், வந்தவரிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும், நம்பர் சீட்டு கொடுத்து வண்டிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

பதினோரு மணி டீக்கு எல்லாரும் கலைந்தபோது ஒருவர் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும். பாறையில் வெடி வைக்கத் துளை போடுகிற வேலை அவருக்கு. பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தாயி, படத்துல கோளாறு இருந்துச்சுன்னா ஊருக்கு அனுப்பிருவாவளாமே. நெசந்தானா?"

எனக்கு ஐந்தாவது ஷரத்து மனப்பாடம். எழுத்துப் பிழை திருத்துவதற்காகவே ஏழெட்டுத் தடவை படித்திருக்கிறேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி, நான் பேர் எழுத வந்தவ" என்றேன். அதைச் சொல்லி, நாளைக்கு முதலாளி அவரை அனுப்பிவிட்டால், நீதானே சொன்னாய் என்று என்னிடம் வந்து நிற்பாரே என்ற பயம். என் கையால் அடித்த காகிதத்தை நானே நம்பவில்லை என்பதுதான் விஷயம்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "ரெண்டு பொட்டப்புள்ளைய இருக்கு. எம் பேரைக் கூப்புடும்போது மச்சினன் வருவான். நீங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மச்சினன் என்றது அவர் மனைவியின் தம்பியை. முப்பது வயசு இருக்கும். லாரியில் ஜல்லி ஏற்றுகிற வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. நல்ல திடகாத்திரமான ஆள். அவர் காலையிலேயே தன் பெயருக்கு வந்து, அழகாகக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

மத்தியானம் அக்காள் புருஷனின் பெயரைக் கூப்பிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார் மச்சினன். அக்காள் புருஷனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் கைநாட்டு வைக்க வேண்டும். இவருக்குக் கைநாட்டு வைத்துப் பழக்கமில்லை, விரலை மையில் முக்கிவிட்டு எப்படி உருட்டுவது என்று தெரியாமல் முழித்தார். நான்தான் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து ரிஜிஸ்டரில் அழுத்தினேன். நகத்தில் பாதி கறுத்துப் போயிருந்தது, கல் விழுந்த அடி. காலையிலும் அதைப் பார்த்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, பொய் சொல்ல வேண்டாம், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை. வீட்டில் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றும்போது இதைச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. பொய்யை எழுதிவிட்டுப் புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள என்னால்தான் முடியும்.

இரண்டு மாசத்தில் படங்களின் முடிவு வந்தது. அந்தக் கிரஷரில் மூன்று பேருக்குக் கோளாறு. துளை போடுகிறவருக்கு நெஞ்சு சுத்தம் என்று இருந்தது. மச்சினனுக்கும் சுத்தம். இருக்காதா பின்னே.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அந்த மூன்று பேரையும் யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. ஒருவரைக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள், ஒருவர் லாரி போகிற மண் ரோட்டுக்குத் தண்ணீர் அடித்தார், இன்னொருவருக்குப் பம்ப் செட். கூலி குறையவில்லை. அந்த ஒல்லி அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தார். முதலாளியும் முணுமுணுத்துக்கொண்டாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அரசாங்கமும் முதலாளியும் சேர்ந்து உருப்படியாக ஒன்று செய்வார்கள் என்று நம்பாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அதற்குச் சில வாரம் கழித்து, ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கொடுக்க நானே கிரஷருக்குப் போனேன். துளை போடுகிறவர் மேலே பாறையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். அவரைச் சுற்றி வெள்ளையாகப் பொடி. அப்போதே ஏறிப் போய், அண்ணாச்சி, உண்மையைச் சொல்லிவிடுவோம், உங்களுக்கும் கீழே வேலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ரிஜிஸ்டர் பொய் என்று ஆகும், எழுதியவள் யார் என்று கேள்வி வரும், வேலை நிரந்தரமாகிற பேச்சு அதோடு போகும். நானும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து தம்பானூர் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பெஞ்சில் ஒருவர் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த பிளாஸ்டிக் பை. அவர் நிமிர்ந்து "தாயி" என்ற பிறகுதான் யார் என்று தெரிந்தது. ஆள் பாதியாகி இருந்தார். முகாம் முடிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதே பாறையில்தான் துளை போட்டிருக்கிறார். ஏறி நிற்க முடியாமல் போன பிறகுதான் நிறுத்தினாராம்.

அவரால் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. மனைவிதான் சொன்னார்.

"டாக்டரு அந்த முகாம் லிஸ்டை வரவழச்சுப் பாத்தாராம். அப்பம் நெஞ்சு சுத்தமா இருந்துச்சாம். ரெண்டு வருசத்துல கல்லுப்பொடி இப்பிடி ஆக்காது, இது காசந்தான்னு மாத்திரை குடுத்தாரு. ஆறு மாசம், ஒரு நாளு விடாம முழுங்கிட்டாவ. ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அக்கறையுள்ள ஆள், இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு பழைய முகாமின் பட்டியலை யார் தேடி எடுக்கப் போகிறார்கள்? எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் பொய். அதை எழுதியது நான்.

அங்கேயே அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி ஆள் மாறி நின்ற விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியும்லா? அந்தப் படம் ஒங்களுது இல்லன்னு டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம்லா? எதுக்கு ஆறு மாசம் அத்தன மாத்திரைய முழுங்குனிய?" என்று கேட்டார்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சொன்னா இந்தப் புள்ளைக்குல்லா வேலை போவும். நமக்கு நல்லது செஞ்ச புள்ளைய காட்டிக் குடுக்கச் சொல்லுதியா?"

அந்த ஸ்டாண்டில் நான் அழுதேன். பஸ்கள் வந்தன, போயின. கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னே பறஞ்ஞூடாயிருந்நோ?" என்று மட்டும் மலையாளத்தில் கேட்டார். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று. பிறகு, கல்பொடிக்கு மருந்து கிடையாது, பொடியை விட்டு விலகுவது ஒன்றுதான் வழி, அதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் இன்னும் எத்தனையோ காலம் ஓட்டியிருப்பார் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போய்த் தலைவரிடமும், பிறகு அந்த அதிகாரியைத் தேடிப் போய் அவரிடமும் ஒப்புக்கொண்டேன். தலைவர் கால் மணி நேரம் கத்தினார். அதிகாரி ரிஜிஸ்டரில் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, என்னிடம் ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். வேலை போகவில்லை, அடுத்த வருஷம் நிரந்தரமும் ஆனது. அந்தக் கால் மணி நேரத் திட்டுக்குப் பயந்துதான் நான் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் ஊருக்குப் போனார். நாலு மாசம் கழித்து மச்சினன் ஆபீஸ் மாடி ஏறி வந்து, அவர் தவறிப்போன செய்தியைச் சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். கடைசியில், "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் நின்னேன்க்கா" என்றார். "நானும்தான்" என்றேன். அவர் மாடிப்படி இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முகாமிலும், பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் ஐந்தாவது ஷரத்தை நின்றுகொண்டு சத்தமாகப் படித்தேன். முதல் தடவை படித்தபோதே பம்ப் ஷெட்டின் பின்னால் பதுங்கி இருந்த இரண்டு பேர் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு நிமிஷ வேலை அது. அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் என்னிடம் இல்லாமல் போயிற்று.

இப்போது ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. மெஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டு, இது இன்னாருடைய விரல்தான் என்று அது ஒப்புக்கொள்வதற்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதி கறுத்த நகம் கண்முன்னால் வந்துவிடுகிறது. அந்த விரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள அன்றைக்கு எனக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை.