அக்காவின் ஃபிரிட்ஜைக் கழுவியவர்களுக்கு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கு, அவருடைய தங்கை எழுதுவது. அக்காவைப் புகழ்ந்து எழுதச் சொன்னீர்கள். அவர் உயிரோடிருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வராதவர்களுக்கு இப்போது இந்த ஆசை.

அரவேணுவில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அக்கா பிறந்தார். உயிர்வேதியியல் படித்து ஊட்டியில் கல்லூரிப் பேராசிரியரானார். உயிரற்ற பொருள்களைச் சேர்த்து உயிரணு போன்ற ஒன்றைச் செய்து பார்ப்பது அவருடைய முதல் ஆராய்ச்சி. "புள்ள பெத்துக்கற வயசுல குப்பியில உசுரு செய்யறாளாமா!" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. பந்தியே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் இதையும் படிப்பீர்கள்.

பிறகு அக்கா, பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களை ஆராயத் தொடங்கினார். அவை சாக்கடையில்தான் ஏராளம். கொட்டும் மழையில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் குப்பியோடு நின்றார். மாமா அவருக்குச் 'சாக்கடை டாக்டர்' என்று பெயர் வைத்தார். ஓய்வு பெற்றதும் குப்பிகளை எடுத்துப் போகச் சொன்னது கல்லூரி. என்ன அறிவாளிகள்! எல்லாம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்தன.

மாமாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். அதிலிருந்த கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அக்கா தன் மாணவியின் ஆய்வகத்துக்கு நடையாய் நடந்து, அந்தக் கிருமியை அழிக்கும் வைரஸைத் தேடினார். கடைசியில் அரவேணுச் சாக்கடையிலேயே அது கிடைத்தது. கோவை மருத்துவரும் முயன்று பார்க்கச் சம்மதித்தார். அந்தக் குப்பியை எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து மாணவி வந்து எடுத்துப் போவதற்குள் மாரடைப்பில் அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டில் இருக்கும் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவுவது நம் வழக்கம். நான் அழுது ஓய்ந்து எழுந்தபோது ஃபிரிட்ஜ் பளபளவென்று காலியாக இருந்தது.

"செத்த ஊட்டுல சாக்கடைத் தண்ணிய வெச்சிருந்தா தீட்டு எப்படிப் புள்ள போகும்? அத்தனையும் ஊத்திக் கழுவச் சொல்லிட்டேன்" என்றார் மாமா, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி.

"அதுல ஒண்ணு உங்க காலுக்கு வெச்சிருந்ததுங்க மாமா" என்றேன்.

மாமா நீட்டியிருந்த காலை மெல்லக் கீழே இறக்கினார்.

அக்காவைச் சுமந்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் என் நன்றி. ஃபிரிட்ஜைக் கழுவியவர்களுக்குக் கிடையாது. இந்த ஓராண்டில் மாமாவின் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அக்கா இருந்தால் அழுதிருப்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. மாணவி மட்டும் அதே சாக்கடையில் மறுபடி தேடிக்கொண்டிருக்கிறார்.

மாமா தினமும் எனக்குப் போன் செய்கிறார். "ஏம் புள்ள, அந்தச் சாக்கடைத் தண்ணி கெடச்சுதா?"