மெழுகு மூடிய லேபிள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் நான் இருந்தபோது, போலிகளைத் தடுக்க ஒரு புது லேபிள் வந்தது. அதில் மை கிடையாது. தலைமுடியைவிட நூறு மடங்கு மெலிசான கோடுகளை ஃபிலிமில் அழுத்தியிருப்பார்கள். அவற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நிறமாகத் தெரியும். லேசர் அடித்தால் எதிரே பிடித்த வெள்ளைத்தாளில் ரகசிய எழுத்து விழும். விழுந்தால் அசல்.

லேபிள் ஒட்டும் பகுதி ஷமீம் என்ற அம்மாவின் பொறுப்பு. பதினெட்டு வருஷ சர்வீஸ். லேபிள் அலமாரியின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து புகார் வந்தது. லேபிள்கள் போலியாம். ஆறு ஜோடி ஷூக்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். லேசர் அடித்துப் பார்த்தேன். தாளில் வெறும் சிவப்புப் புள்ளிதான் விழுந்தது.

மேனேஜர் கொதித்துப்போனார். “அசல வெளிய வித்துட்டு டூப்ளிகேட் ஒட்டியிருக்காங்க. சாவி யாருகிட்ட இருக்கு? அந்தம்மாவ இன்னைக்கே நிறுத்துங்க.”

நான் மறுத்துப் பேசவில்லை. லைனில் எல்லோரும் பார்க்க, ஷமீமிடம் போய்ச் சாவியைக் கேட்டேன்.

“நான் எடுத்திருப்பேன்னு நெனைக்கிறீங்களா சார்?”

நான் கையை நீட்டினேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஒரு ஷூவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் லேபிளை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக மெழுகு வந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். மங்கிக் கிடந்த நிறம் பளிச்சென்று திரும்பியது. லேசர் அடித்தேன். தாளில் எழுத்து விழுந்தது.

லேபிள் ஒட்டிய பிறகு ஷூவுக்கு ஒரு புது மெழுகு அடிக்கத் தொடங்கியிருந்தோம். அது கோடுகளுக்குள் இறங்கி அடைத்துவிட்டது. அந்த மெழுகுக்கு அப்ரூவல் கையெழுத்துப் போட்டவன் நான்.

மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஷூவை வாங்கித் தானே லேசர் அடித்துப் பார்த்தார். பிறகு, “போய் அந்தம்மாவ கூட்டிட்டு வாங்க,” என்றார்.

சாயந்திரம் வாணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டு நிறுத்தியதை மறைத்து, உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார். வாசலிலேயே சாவியை நீட்டினேன்.

“தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடுங்க.”

அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் கை நீட்டவில்லை. “எல்லாரும் பாக்கத்தானே வாங்கினீங்க? எல்லாரும் பாக்கவே குடுங்க சார். இப்ப உள்ள வந்து டீ குடிங்க.”

மறுநாள் காலை லைனை நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, என் தப்பையும் சொல்லி, சாவியைக் கொடுத்தேன். ஷமீம் வாங்கிக்கொண்டு, “அந்த லேசர எனக்கும் கத்துக் குடுங்க சார். இனிமே நானே பாத்து அனுப்புறேன்,” என்றார். அன்றே கற்றுக்கொடுத்தேன். மெழுகு அடித்த பிறகுதான் லேபிள் என்று வரிசையையும் மாற்றினோம்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புகார் வந்தால் ஆளை விசாரிக்கும் முன் பொருளைச் சோதித்துவிடுங்கள். துடைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைக் காலையிலேயே செய்திருக்கலாம். ஷமீம் மன்னித்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.